இடது புருவம்

பேருந்து ரயில்வே கேட்டைத் தாண்டும்வரை அமலோற்பவம் டீச்சருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. வேலை முடிந்தது, நன்றாக முடிந்தது, அவ்வளவுதான். பதினொன்றரை மணி வண்டியில் ஜன்னலோர இடம் கிடைத்திருந்தது. மடியில் துணிப்பை, பைக்குள் டேப்லெட், டேப்லெட்டின் விளிம்பில் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும் பேனா. காலை ஒன்பது மணிக்கு ஒரு மனிதனின் முகம் இஸ்திரி வண்டிக்காரி பேச்சியம்மாளின் தலைக்குள் மட்டும் இருந்தது. பதினொன்று ஐந்துக்கு அது எஸ்.ஐ. சுகந்தியின் போனுக்குப் போய்விட்டது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், இரண்டு டீ, பேச்சியம்மாளின் வாடிக்கைக்காரர்கள் வைத்துவிட்டுப் போன பதினாறு சட்டைகள். முந்தாநாள் காலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தியின் செயினை மோட்டார் சைக்கிளில் வந்தவன் அறுத்தான். அந்தப் பெண் ஸ்கூட்டரோடு விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே நோயாளியாகப் படுத்திருக்கிறாள். அந்தத் தெருவில் இருக்கும் ஒரே கேமரா அதை மாட்டியவரின் கடை ஷட்டரை மட்டும் இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அறுப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் அவன் வேப்ப மரத்தடியில் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றதைக் கண்டவள் பேச்சியம்மாள் ஒருத்திதான். ஆகவே டீச்சரைக் கூப்பிட்டார்கள். பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை, வயது ஐம்பத்தொன்று, போலீசுக்காக வரைந்த முகங்களில் இது ஒன்பதாவது. முந்தைய எட்டில் மூன்று பேர் பிடிபட்டார்கள். மூன்று என்பது குறைச்சல் இல்லை என்று சுகந்தியே சொல்லியிருக்கிறாள், அதுவும் இன்ஸ்பெக்டர் காதுபட. அந்த மூன்றை டீச்சர் வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை, ஆனால் பாத்திரம் துலக்கும்போது சில சமயம் நினைத்துக்கொள்வாள். இன்றைக்கு நான்காவது. கை சொல்கிறது, நான்காவது. முகம் விழுந்த விதம் அப்படி. தாடையை இரண்டே இழுப்பில் பிடித்தாயிற்று, கீழுதடு மட்டும் கொஞ்சம் தொந்தரவு கொடுத்தது, பிறகு அதுவும் அமர்ந்தது. கேட் திறந்து வண்டி தண்டவாளத்தின் மேல் குலுங்கி ஏறி இறங்கியபோதுதான், குலுக்கலில் பைக்குள் எதுவோ புரண்டதுபோல, பேச்சியம்மாள் கடைசியாகச் சொன்னது மேலே வந்தது. கரி அள்ளிப் போட்டுக்கொண்டே, சுகந்தி நீட்டிய போனைப் பார்த்து, அவந்தான், என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னமோ மாதிரி இருக்கு, என்றும் சொன்னாள்.

என்னமோ மாதிரி என்றால் என்ன மாதிரி. கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்குள் சுகந்தி, சரிம்மா, நீங்க உங்க வேலையப் பாருங்க, என்று போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். ஜீப்பில் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். ஒருவேளை கோட்டில் இருக்கும். கோடு என்றதும் மனசு பேனாவிடம் போயிற்று. இந்தப் பேனாவைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் கணக்கு சார் சொல்லாத சொல் இல்லை. டேப்லெட் கம்பெனிக்காரனே விற்கும் பேனாவின் விலையில் எட்டில் ஒரு பங்குக்கு இதை டீச்சர் ஆன்லைனில் வாங்கினாள். வந்த அன்றைக்கே அவர் அதை வாங்கிக் காது குடைவதுபோல ஜாடை காட்டி, டீச்சர், இதுல மையும் வராது, நெருப்பும் வராது, எதுக்கு இது, என்றார். அழுத்தினா தடிக்கும், லேசா விட்டா மெலியும் சார், என்றாள். என் வீட்டுக்காரியும் அப்படித்தான், என்றார் அவர். சிரித்தார்கள். சிரிக்கட்டும். டீச்சருக்கு அதைக் கையில் எடுத்த முதல் நாளே தெரிந்துவிட்டது. அதுவரை ஆறு மாதம் போனில் விரலாலும், ரப்பர் மூக்கு வைத்த பழைய குச்சியாலும் கிறுக்கியிருந்தாள். அதெல்லாம் எவ்வளவு அழுத்தினாலும் ஒரே கோடு, தார் ரோட்டில் போட்ட வெள்ளைக் கோடு மாதிரி. இந்தப் பேனாவை வைத்து அழுத்தினபோது கறுப்பு ஊறியது, கையைத் தூக்கத் தூக்க முடி இழையாகப் போய்க் காணாமல் போனது. இமையின் ஓரம் அப்படித்தான் முடிய வேண்டும். அழுத்தம் தெரிந்த கோட்டைப் பார்த்தால் வரைந்த கை எங்கிருந்து புறப்பட்டது, எங்கே தூக்கியது என்று சொல்லிவிடலாம். அது கால் தடம் மாதிரி. குறை இல்லாமல் இல்லை. மெதுவாகச் சாய்கோடு இழுத்தால் லேசாக நடுங்கும், பாம்பு போன தடம்போல. அதனால் சாய்கோட்டை மெதுவாக இழுக்கக் கூடாது, நம்பி ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். முனை நாலு மாதத்தில் தேய்ந்துவிடும், டப்பாவில் இரண்டு முனை கூடவே கொடுத்திருந்தார்கள். அப்புறம் தூக்கம். ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் பேனா தூங்கிவிடும், பின்பக்கத்துப் பொத்தானை அமுக்கி எழுப்ப வேண்டும், எழுந்து டேப்லெட்டோடு மறுபடி ஒட்டிக்கொள்ள அதற்கு நாலைந்து விநாடி வேண்டும். சாட்சி சொல்லுகிறவர்கள் யோசிக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறவர்கள். பேனா செய்தவனுக்கு அது தெரிய நியாயமில்லை. என்னமோ மாதிரி. சாய்கோடு நடுங்கியதையா சொன்னாள். இஸ்திரி போடுகிறவள், ஒரு மடிப்பு கோணினால் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கு எதுவும் நடுங்கவில்லையே.

கண்டக்டர் வந்தார். வேடன்குளம் ஒண்ணு, என்றாள். சில்லறை வாங்கிப் பையில் போட்டாள். வெளியே கல்யாண மண்டபம், பழைய இரும்புக் கடை, அப்புறம் கொய்யாத் தோப்பு. தோப்பைப் பார்த்தபடி மறுபடி ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள், காலை ஒன்பதுக்கு. முகம் எப்படிம்மா, வட்டமா நீளமா, என்று கேட்டால் பேச்சியம்மாளுக்கு வராது. அதை முதல் ஐந்து நிமிடத்திலேயே கண்டுகொண்டாள். முகத்தைக் கேட்கக் கூடாது, நின்ற நிலையைக் கேட்க வேண்டும். நீங்க எங்க நின்னீங்க? இந்தா, இந்த எடத்துலதான், இஸ்திரிப் பெட்டிய வலது கைல பிடிச்சிருந்தேன். அவன்? நேர் எதுக்க, அந்த மரத்துக்குக் கீழ. என்ன செஞ்சான்? தொப்பியக் கழட்டி டேங்கு மேல வச்சான், கைக்குட்டையால இப்படித் தொடச்சான், தொடைக்கும்போது புருவத்துல வெட்டு தெரிஞ்சுச்சு, புருவம் அந்த எடத்துல ரெண்டா நின்னுச்சு. எந்தப் புருவம்? பேச்சியம்மாள் பெட்டி பிடித்த கையை அப்படியே தூக்கிக் காட்டினாள். என் பெட்டிக் கைப் பக்கம். அவனுக்கு? அவளுக்கு வலது என்றால் எதிரே நிற்கிறவனுக்கு இடது. டீச்சர் தன் முகத்திலேயே இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். இதா? அதுதான். மாத்திச் சொல்லலையே? பேச்சியம்மாள் கொஞ்சம் கோபித்துக்கொண்டாள். ஏம்மா, இடது கை வலது கை எது, முன் பக்கம் பின் பக்கம் எதுன்னு தெரியாமத்தான் இருபத்தஞ்சு வருசமா ஊர் சட்டைக்குப் பெட்டி போடுறேனா? சுகந்தி திரும்பிக்கொண்டு சிரித்தாள். தழும்பு போட்டாயிற்று, இடது புருவத்தில், பார்க்கிறவர்களுக்கு வலது பக்கம். பேச்சியம்மாள் குனிந்து பார்த்தாள், ஒரு சட்டைக் காலரைத் தேய்க்கிற நேரம் அளவுக்குப் பார்த்தாள். இவந்தான், என்றாள். அப்போது என்னமோ மாதிரி என்று சொல்லவில்லை. இதுதான் டீச்சருக்கு இப்போது உறுத்தியது. முதலில் பார்த்தபோது இவந்தான். இருபது நிமிடம் கழித்துப் போனில் பார்த்தபோது என்னமோ மாதிரி. நடுவில் என்ன நடந்தது. நடுவில் கன்னத்துக்கு நிழல் கொஞ்சம், அப்புறம் தாடை நடந்தது, காது மடல் நடந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. போன் திரை சின்னது, வெயில் வேறு, கரி நெருப்பைப் பார்த்த கண். இதற்கெல்லாம் பயந்தால் படமே வரைய முடியாது. பயப்படுகிறவள் இல்லை அமலோற்பவம். நாலாவது முகம் வரைந்தபோது ஒருதரம் பயந்தாள். ஒரு குழந்தையைத் தூக்கிப்போனவனின் முகம், அழுது அழுது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சொன்ன தாய், மூன்று மூக்கு மாற்றி வரைந்து, கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு முகம் நின்றது. குழந்தை இரண்டாம் நாள் சொந்தக்கார வீட்டிலிருந்தே கிடைத்துவிட்டது. ஆனால் அந்த முகம் கொஞ்ச நாள் கடைத்தெருவில் எதிரே வந்துகொண்டிருந்தது, ஒருதரம் காய்கறிக்காரனாக, ஒருதரம் தபால்காரராக. தப்பான படத்துக்கும் எங்காவது ஓர் ஆள் இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அந்த நினைப்பை அவள் அவ்வளவாக வளரவிடவில்லை.

தாடை எப்படிச் சரியாயிற்று? திருப்பிப் பார்த்ததால் சரியாயிற்று. அது அவளுடைய வெகுநாள் பழக்கம். ஒரு முகத்தையே ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதன் கோணலுக்குப் பழகிவிடும், வீட்டு மூலையில் கிடக்கும் உடைந்த நாற்காலிபோலக் கண்ணில் படாது. கண்ணாடியில் காட்டினால் இடம் வலமாகும், கோணல் பளிச்சென்று குதிக்கும். ஹையர் டிராயிங் பரீட்சைக்கே தாவணி முடிச்சில் கைக்கண்ணாடி கொண்டுபோனவள் அவள். மேற்பார்வைக்கு வந்தவர் அதைப் பிடுங்கிவைத்துக்கொண்டு, பொட்டு சரியா இருக்கான்னு பார்க்கிற நேரமா இது, என்றார். அவள் எழுந்து நின்று, பானை கோணியிருக்கான்னு பார்க்கிறேன் சார், என்றாள். அவர் கண்ணாடியில் அவளுடைய பானையைப் பார்த்தார், கோணித்தான் இருந்தது, கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். டேப்லெட்டில் கண்ணாடி வேண்டாம். ஓரத்தில் ஒரு குறி இருக்கிறது, தொட்டால் படமே பக்கம் மாறும், மறுபடி தொட்டால் பழையபடி. இன்றைக்கும் அப்படித்தான் தொட்டாள். தொட்டதும் தாடை இடப்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது, பல் வலிக்காரன்போல. திருத்தினாள். இரண்டு இழுப்பு. அப்புறம் காது மடல் பற்றிக் கேட்டாள், பேச்சியம்மாள் யோசித்தாள், நடுவில் ஒருவர் வந்து வெள்ளை வேட்டிகள் கொடுத்துவிட்டுப் போனார், யோசனை நீண்டது, பேனா தூங்கிவிட்டது. பொத்தானை அமுக்கினாள், எழவில்லை, மறுபடி அமுக்கினாள், எழுந்தது. மடல் போட்டாள். சுகந்தி, முடிஞ்சுதா டீச்சர், இன்ஸ்பெக்டர் மூணு தடவ கூப்பிட்டுட்டாரு, என்றாள். முடிஞ்சுது மேடம், அனுப்பிட்டேன். பேனா எழுந்ததற்கும் அனுப்பியதற்கும் நடுவில் விரல் அந்த ஓரத்துக் குறிக்குப் போயிற்றா. போயிருக்கும். போகாமல் எப்படி. மூன்று வருடமாகப் போகிற விரல் அது. போயிருக்கும் என்று நினைத்தபோது விரலுக்கு அது நினைவில்லை. தாடை நினைவிருக்கிறது, மடல் நினைவிருக்கிறது, பொத்தான் நினைவிருக்கிறது. இந்த ஒரு தொடுதல் மட்டும் வீட்டைப் பூட்டினோமா என்பதுபோல நினைவுக்கும் நினைப்புக்கும் நடுவில் நின்றது. பூட்டியிருப்போம். எப்போதும் பூட்டித்தான் வருகிறோம். பையைத் திறந்து பார்த்துவிடலாம், ஒரு நிமிட வேலை. பார்க்கவில்லை. பார்த்தால் தன்னைத் தானே சந்தேகப்பட்டதாக ஆகும் என்று ஒரு சின்ன வீம்பு. கொய்யாத் தோப்பு முடிந்து செங்கல் சூளை வந்தது.

பக்கத்தில் இருந்த பெண் மிக்சி ஜாரை மடியில் வைத்திருந்தாள், பிளேடு மாற்றி வாங்கிவருகிறாள் போலிருக்கிறது, கடைக்காரர் கொடுத்த ரசீது ஜாருக்குள் கிடந்தது. போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தவள் டீச்சரின் முழங்கையைத் தொட்டாள். "இங்க பாத்தீங்களாக்கா, இவந்தானாம். நர்சம்மா செயின அறுத்தவன்." டீச்சர் பார்த்தாள். தன்னுடைய முகம், தான் பெற்ற முகம், முப்பது நிமிடத்தில் தனக்கு முன்னால் வண்டி ஏறி வந்திருக்கிறது. ஒரு பூரிப்பு எழுந்ததை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பினாள். "போட்டோ இல்லக்கா, வரைஞ்சிருக்காங்க. என் கல்யாண ஆல்பத்துல எங்க வீட்டுக்காரர் மூஞ்சி இம்புட்டுத் தெளிவா விழல," என்றாள் அந்தப் பெண். "கை பழகுனவங்க போலருக்கு." நான்தான் என்று சொல்லிவிடலாமா. சொல்லக் கூடாது, சாட்சி சம்பந்தப்பட்ட வேலை. "எங்க, இன்னொரு தடவ காட்டுங்க," என்றாள், பார்க்கிற ஆசையில்தான் கேட்டாள். அந்தப் பெண் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். கன்னம் திரை முழுக்க வந்தது. கன்னத்தில் அவள் போட்ட நிழல், பக்கம் பக்கமாகச் சாய்ந்த மெல்லிய கோடுகள். வலது கைக்காரர்கள் நிழல் போட்டால் கோடு வலது மேலிருந்து இடது கீழாக விழும். மேலே தடித்து, கீழே கை தூக்கும் இடத்தில் முடி இழையாகி மறையும். முப்பது வருடமாக அவள் கோடு அப்படித்தான் விழுகிறது, பிள்ளைகளின் நோட்டில் திருத்திய கோடும் அப்படித்தான், கோலப்பொடியும் அப்படித்தான் சரியும். இந்தக் கன்னத்தில் கோடுகள் இடது மேலே தடித்து வலது கீழே மெலிந்திருந்தன. ஒன்று இரண்டு இல்லை, எல்லாம். இடது கைக்காரர் யாரோ உட்கார்ந்து அவள் படத்தைப் பார்த்துக் காப்பியடித்ததுபோல இருந்தது. ஒரு கணம் அப்படியே நம்பவும் செய்தாள், யாரோ காப்பியடித்திருக்கிறார்கள் என்று. பிறகு அந்த ஓரத்துக் குறி நினைவுக்கு வந்தது. "புருவத்தக் காட்டுங்க," என்றாள். தழும்பு பார்க்கிறவர்களுக்கு இடது பக்கம் இருந்தது. அவனுக்கு வலது.

என்னமோ மாதிரி. எதிரே நின்றவனை நேராகப் பார்த்தவளுக்குக் கண்ணாடிக்குள் நிற்கிறவனைக் காட்டினால் என்னமோ மாதிரிதான் இருக்கும். கண், மூக்கு, எல்லாம் அவனுடையது, ஆனால் அவன் இல்லை. கைக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டால் தாளில் படம் வரைந்தபடியே கிடக்கும். கண்ணாடிக்குப் படத்தை மாற்றத் தெரியாது. அந்தத் தைரியத்தில் பழகிய கை இது. டேப்லெட்டில் திருப்பினால் திருப்பினதுதான், மறுபடி தொடும்வரை அது அப்படியே நிற்கும், அதையே அனுப்பும். பையைத் திறந்தாள். டேப்லெட்டிலும் தழும்பு அந்தப் பக்கமே இருந்தது. வண்டி குலுங்கியது. குழந்தையைத் தூக்கிப்போனவனின் முகம், காய்கறிக்காரன், தபால்காரர். தப்பான படத்துக்கும் எங்காவது ஓர் ஆள் இருக்கிறான். பக்கத்துப் பெண் அதற்குள் படத்தைத் தன் தம்பியின் குரூப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். "அம்மா, அத அனுப்பாதீங்க," என்றாள் டீச்சர். "ஏங்க்கா?" "அது தப்பு." அந்தப் பெண் டீச்சரையும் படத்தையும் பார்த்தாள். "போலீசே போட்டுருக்காங்களேக்கா," என்று ஜாரைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சுகந்தி முதல் மணியிலேயே எடுத்தாள். "டீச்சர், நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஆளு சிக்கிட்டான்." "எங்க வச்சு மேடம்?" என்றாள் டீச்சர். "எங்கயும் போகல டீச்சர், ஸ்டேஷனுக்கே தண்ணி கேன் போட வந்தான். ஏட்டையா கைல போனு, போன்ல படம். படத்தப் பாத்தாரு, அவனப் பாத்தாரு, கேன எறக்கி வச்சுட்டு அப்படியே ஒக்காருன்னுட்டாரு. முனீசுன்னு பேரு. ரெண்டு வருசமா நமக்குத் தண்ணி ஊத்துறவன், யாருக்குத் தெரியும்." "தழும்பு எந்தப் புருவத்துல மேடம்?" போனுக்குள் நாற்காலி நகர்ந்தது, எட்டிப் பார்த்திருப்பாள். "வலது. படத்துல இருக்கிற மாதிரியேதான்." "படம் தப்பு. திருப்பிப் பாக்குறதுக்காக நான் பக்கம் மாத்தினேன், மறுபடி மாத்தாம அனுப்பிட்டேன். பேச்சியம்மா சொன்னது இடது. நீங்களும் பக்கத்துல இருந்தீங்க." "டீச்சர், புருவத்துல வெட்டோட இந்த ஊர்ல எத்தன பேரு சுத்துறான்? பதட்டத்துல அந்தம்மா மாத்திச் சொல்லியிருக்கலாம்ல?" "அவங்க மாத்தல. மாத்தினது நான்." "முந்தாநாள் காலைல எங்கடா இருந்தேன்னா, தெருத்தெருவா கேன் போட்டேங்கிறான். எந்தத் தெருன்னா எல்லாத் தெருவும்ங்கிறான். இன்ஸ்பெக்டர் மேல சொல்லிட்டாரு." "வரைஞ்சது முழுக்க இதுக்குள்ள பதிவாயிருக்கு மேடம். முதல் கோட்டுலேருந்து கடைசிக் கோடு வரைக்கும் ஓட்டிக் காட்டும். பேச்சியம்மா சரின்னு சொன்ன எடம், நான் திருப்பின எடம், எல்லாம் தெரியும்." சுகந்தி குரலைத் தாழ்த்தினாள், கதவுப் பக்கம் வந்திருப்பாள். "இத எழுத்துல குடுத்தாத்தான் ஆகும். குடுத்தீங்கன்னா அடுத்த தடவ உங்களக் கூப்பிட இன்ஸ்பெக்டர் விடமாட்டாரு, தெரியும்ல?" "தெரியும். நான் வர்றேன். அதுவரைக்கும் அவர யாரும் தொடக் கூடாது." "நான் இருக்கேன் டீச்சர். சீக்கிரம் வாங்க."

ஆலம்பட்டி விலக்கில் இறங்கினாள். டிக்கெட் வேடன்குளத்துக்கு என்று கண்டக்டர் ஞாபகப்படுத்தினார். மறந்துட்டேன், என்றாள், எதை என்று சொல்லவில்லை. சாலையைத் தாண்டி எதிர்ப்பக்க நிழற்குடையில் உட்கார்ந்து டேப்லெட்டை மடியில் வைத்து அந்தக் குறியைத் தொட்டாள். முகம் பக்கம் மாறியது. கன்னத்துக் கோடுகள் எழுந்து தன் வழக்கமான சாய்வில் படுத்தன, தழும்பு இடது புருவத்துக்குப் போயிற்று, தாடை திருத்திய பிறகு இந்தப் பக்கத்திலும் சரியாகவே இருந்தது. நல்ல படம். அதைப் பார்த்தபோது வெட்கத்தோடு சேர்த்து அதையும் நினைத்தாள், நல்ல படம். சுகந்திக்கு அனுப்பினாள். கீழே எழுதினாள்: முதல் படம் பக்கம் மாறியது, இதுவே சரி, தப்பு என்னுடையது. எழுதும்போது இன்னொரு வாக்கியம் வந்து வாசலில் நின்றது. பேனா தகராறு செய்துவிட்டது என்று எழுதலாம். விலை குறைந்த பேனா, தூங்கிப்போனது, எழுப்புவதற்குள் குழம்பிவிட்டது. எல்லாரும் நம்புவார்கள், கணக்கு சார் கைதட்டி நம்புவார், இன்ஸ்பெக்டர் ஒரு நல்ல பேனா வாங்கிக்குங்க டீச்சர் என்று சொல்லிவிட்டுப் பத்தாவது முகத்துக்கும் கூப்பிடுவார். பேனா தூங்கியது உண்மையும்கூட. ஆனால் அது தூங்குவதற்கு முன்னாலும் எழுந்த பின்னாலும் எவ்வளவு அழுத்தினாளோ அவ்வளவு தடிமன் கொடுத்தது, ஒரு மயிரிழை கூட்டவில்லை குறைக்கவில்லை. அது வைத்த தடம் அந்தக் கன்னத்தில் இருந்ததால்தான் கண்டுபிடிக்கவே முடிந்தது. ரப்பர் மூக்குக் குச்சியால் வரைந்திருந்தால் இந்நேரம் வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்துக்கொண்டிருப்பாள், முனீஸ் என்கிற ஆளை, பிடிபட்ட நான்காவது முகம் என்று எண்ணிக்கொண்டு. அந்த வாக்கியத்தை எழுதாமல் வாசலோடு திருப்பி அனுப்பினாள். திரும்பும் வண்டி பத்து நிமிடத்தில் வந்தது. இந்த முறையும் ஜன்னலோரம்தான், அதே செங்கல் சூளை, அதே கொய்யாத் தோப்பு, மறு ஜன்னலில். பயம் இருந்தது, ஆனால் அதற்கு இப்போது ஓர் இடம் இருந்தது, ஒரு ஸ்டேஷன், ஒரு பெஞ்சு; அதன் பக்கத்தில் போய் உட்கார முடியும். என்னமோ மாதிரி என்கிற அந்த உறுத்தலைவிட இது எவ்வளவோ மேல். இரண்டாம் இழுப்பிலேயே விழுகிற தாடைபோல, என்ன எழுத வேண்டும் என்பது ரயில்வே கேட் வருவதற்குள் விழுந்துவிட்டது.

முனீஸ் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் அவன் இறக்கிவைத்த கேன், இன்னும் மூடி கழற்றாதது. முப்பத்தைந்து வயது இருக்கும். ஏட்டையா ரேடியோவில் எதையோ திருகுவதுபோல மும்முரமாக இருந்தார். டீச்சர் வழக்கப்படி முதலில் முகத்தைத்தான் பார்த்தாள். வலது புருவத்தில் வெட்டு, பழையது. மூக்கு அந்த மூக்கு இல்லை, காது அந்தக் காது இல்லை, கீழுதடு கிட்டக்கூட வரவில்லை. தழும்பு ஒன்றைக் கழித்துவிட்டால் அவனுக்கும் படத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "இவங்கதான் வரைஞ்ச டீச்சர்," என்றார் ஏட்டையா. அவன் எழுந்து நின்றான். "என்னைய எப்பக்கா பாத்தீங்க?" என்றான். "பாக்கல தம்பி." "பாக்காமயா?" அவன் நம்பவில்லை. "எங்க வீட்டுக்காரி போனுக்கும் போயிருச்சுக்கா. மாடு முட்டுன வெட்டுன்னு அவளுக்குத் தெரியும், அவ அண்ணன் நம்பமாட்டேங்கிறான்." சுகந்தி உள்ளே இருந்து வந்தாள். "ஏட்டையாவ இங்க காவல் வச்சுட்டு, பேச்சியம்மாட்ட ரெண்டாவது படத்தக் காட்டிட்டு வந்துட்டேன் டீச்சர்." "என்ன சொன்னாங்க?" "காலைல நான் சொன்னது இதத்தான், நடுவுல எவனையோ காட்டுனீங்கன்னு சொன்னாங்க. அதோட விடல, பெட்டிக் கைய மறுபடி தூக்கிக் காட்டுனாங்க." டேப்லெட்டை மேசையில் வைத்து ஓட்டினார்கள். வெள்ளைத் திரையில் ஒரு முட்டை வடிவம் விழுந்தது, கண் விழுந்தது, தழும்பு இடது புருவத்தில் விழுந்தது, கன்னத்தில் நிழல் விழுந்தது. பிறகு முகம் சட்டென்று பக்கம் மாறியது, தாடை திருந்தியது, மடல் வந்தது, நின்றுவிட்டது. அனுப்பியதுவரை முகம் திரும்பி வரவில்லை, நிழற்குடையில் தொட்டபோதுதான் திரும்பியது. மொத்தம் இருபத்தாறு விநாடி. ஏட்டையா இரண்டு தடவை பார்த்தார், பிறகு கேனைத் தூக்கி, மூடியைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியின் மேல் தானே கவிழ்த்தார்.

சுகந்தி வெள்ளைத் தாள் ஒரு கட்டும் ஒரு பால்பாயின்ட் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே இன்ஸ்பெக்டர் யாரோடோ போனில், படம் வரைஞ்சவங்க தப்பு சார், நம்ம தப்பு இல்ல, என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. சரியாகத்தான் சொல்கிறார் என்று டீச்சர் நினைத்தாள். பேனாவை எடுத்தாள். பழக்கத்தில், ஆரம்ப எழுத்தைத் தடிப்பாக்க அழுத்தினாள். தடிக்கவில்லை, எவ்வளவு அழுத்தினாலும் அதே நீலம், அதே தடிமன். முகத்தைத் திருப்பிப் பார்த்தேன், என்று எழுதினாள். மறுபடி திருப்பவில்லை. சாட்சி சரியாகச் சொன்னார், பிழை என்னுடையது, இங்கே உட்காரவைக்கப்பட்டிருப்பவர் அந்தப் படத்தில் இருப்பவர் அல்ல. பெயர், பள்ளி, தேதி, மணி ஒன்று நாற்பது. கையெழுத்துப் போட்டுத் தாளை உருவிக் கொடுத்தாள். சுகந்தி அதை வாசித்துக்கொண்டே உள்ளே போனாள். மேசையில் மிஞ்சியிருந்த அடுத்த தாளில் ஒரு சொட்டு மை இல்லை, ஆனால் சொல் சொல்லாக எல்லாம் பதிந்திருந்தது. முனீஸ் எட்டிப் பார்த்து, விரலால் அதைத் தடவினான்.

"வாசிச்சுக் காட்டுங்கக்கா," என்றான். "வீட்டுல போய் இதச் சொல்லணும்."